பி.ஜி. படிக்கிற பிள்ளையை டிஸ்மிஸ் பண்ணிட்டாவ. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்காவ, போடலாமா?

அம்பைக்காரன்
வெள்ளி, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம். தாலுகா ஆபீஸ்ல 31 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். என் சர்வீஸ்ல எத்தனையோ பேருக்கு 17(பி) மெமோ, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ, டைப் அடிச்சுக் குடுத்திருக்கேன். இப்ப என் வீட்டுப் பிள்ளை கையிலயே ஒரு ஆர்டர் வந்து நிக்கி. படிச்சுப் பாத்தா எனக்கே தலையும் தெரியல, வாலும் தெரியல.

பிள்ளை என் தங்கச்சி மக. எம்.எஸ். ஓ.ஜி. (பிரசவம், பெண்கள் நோய் மேற்படிப்பு) ரெண்டாம் வருஷம். தனியார் காலேஜ், நம்ம மாவட்டம் இல்ல. பேரு வேண்டாம்.

நடந்ததை அப்படியே சொல்லுதேன், மறைக்கதுக்கு ஒண்ணும் இல்ல. முந்தின நாள் காலை 8 மணிக்கு ஏறின டியூட்டி. ராத்திரி ஒரு சிசேரியன். 1 மணிக்கு அந்தப் பொம்பளையைப் போஸ்ட்-ஆப் வார்டுக்கு மாத்தியிருக்காவ. 1 மணிக்குப் பிள்ளை பாத்து எழுதினது 116/74, நாடி 82. அதுக்குப் பொறவு 2, 3, 4 மணிக்கு எழுதினது மூணுமே 110/70, நாடி 84. மூணு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சுல எழுதினதுன்னு கண்ணு தெரியாதவனும் சொல்லிருவான். நாலரைக்கு ஸ்டாஃப் நர்ஸ் போய்ப் பாத்தா விரிப்பு நனைஞ்சு கிடக்கு. நாடி 136, பிரஷர் 80/50. தியேட்டருக்குக் கொண்டு போய் ரத்தத்தை நிறுத்த கர்ப்பப்பைக்குள்ள பலூன் வச்சு, நாலு பாட்டில் ரத்தம் ஏத்தி, தெய்வாதீனமாப் பொழைச்சுக்கிட்டா. தாயும் பிள்ளையும் ஒம்பதாம் நாள் வீட்டுக்குப் போயிட்டாவ.

மறுநாள் எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ரூமுக்குக் கூப்பிட்டு, அவங்க சொல்லச் சொல்ல இவ எழுதியிருக்கா. "பார்க்காமல் எழுதினேன். என் தவறு. மன்னிக்கவும். எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." கீழ கையெழுத்து, தேதி. இங்கிலீஷ்ல எழுதினதைத் தமிழ்ல சொல்லுதேன். 11 நாள் கழிச்சு அஞ்சு பேர் கமிட்டி. அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் இவ மேல ரிப்போர்ட் எழுதின யூனிட் சீஃபேதான். பத்து நிமிஷம், மூணு கேள்வி, "சரி போம்மா"ன்னுட்டாவ. கமிட்டி என்ன எழுதுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

போன செவ்வாய் ஆர்டர் வந்துச்சு. ஒரே பக்கம். "தொழில்முறை ஒழுங்கீனம், மருத்துவப் பதிவேட்டில் பொய்ப்பதிவு, உடனடியாகப் படிப்பிலிருந்து நீக்கப்படுகிறார்." என் கண்ணு முதல்ல போனது எங்கன்னா, ந.க.எண், அதாவது ஃபைல் நம்பர், இருக்க வேண்டிய எடத்துக்கு. காணோம். "பார்வை"ன்னு ஒரு வரி இல்ல. எந்த மெமோ, எந்த விளக்கம், எந்த அறிக்கையைப் பாத்து இந்த முடிவுக்கு வந்தாவங்கிறதுக்கு ஒரு துப்பும் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒரு தலையாரிக்கு இன்கிரிமென்ட் வெட்டணும்னாக்கூட இதைவிடப் பெரிய காயிதம் வேணும்.

நேத்து அந்தக் காலேஜ் ஏ.ஓ. (நிர்வாக அதிகாரி) போன் பண்ணுதார். "டிஸ்மிஸ்னு ரிக்கார்டுல நின்னா எங்கயும் சீட்டு கிடைக்காது. சொந்தக் காரணத்தால விலகுறேன்னு ஒரு லெட்டர் குடுங்க, ஆர்டரை வாபஸ் வாங்கிருதோம், சர்ட்டிபிகேட்டும் தந்துருதோம். மிச்ச ஃபீஸை மட்டும் கட்டிருங்க. திங்கக்கிழமை 4 மணி வரைக்கும் டைம்"ங்கார்.

என் தங்கச்சி கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்ங்கா. மச்சினர் பேசவே மாட்டேங்கார். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, போடலாமா? ரெண்டு, இவ மாணவியா, வேலைக்காரியா? ஸ்டைபண்ட் குடுக்காவ, டியூட்டி போடுதாவ, லீவு கேட்டா முறைக்காவ. ஆனா ஃபீஸும் வாங்குதாவ. 17(பி)ல வர்ற பாதுகாப்பு எதாவது இவளுக்கு உண்டா?


தாமிரபரணிக்காளை
வெள்ளி, இரவு 10.41

என்ன வே யோசனை? டிவிக்காரனைக் கூட்டிட்டுப் போய் கேட்டுல உக்காருங்க. மறுநாளே கூப்பிட்டுச் சேத்துருவான்.


பெஞ்ச் வக்கீல், பாளை
வெள்ளி, இரவு 11.55

அண்ணாச்சி, மேல உள்ள யோசனையை விட்டுருங்க. டிவி வந்தா முதல்ல பேசப்போறது அந்த நோயாளியோட புருஷன்தான்.

கையெழுத்துப் போடாதீங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. "சொந்தக் காரணத்தால விலகுறேன்"னு எழுதிக் குடுத்த நிமிஷமே எதிர்த்து வழக்குப் போட ஆர்டர்னு ஒண்ணு இல்லாமப் போயிரும். பிறகு "மிரட்டி வாங்கினாங்க"ன்னு நீங்கதான் நிரூபிக்கணும். அந்த ஏ.ஓ.கிட்ட, "நீங்க போன்ல சொன்னதை அப்படியே ஒரு மெயில்ல போடுங்க, வீட்டுல கலந்து பேசிச் சொல்லுதோம்"னு கேட்டுப் பாருங்க. போட மாட்டார். போட்டார்னா அதுவே உங்களுக்கு ஒரு டாக்குமென்ட்.

மாணவியா ஊழியரான்னு கேட்டீங்களே, இந்த மாதிரி கேஸ் எல்லாம் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும். பி.எச்.சி.ல (அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) வேலை பாத்துக்கிட்டே சர்வீஸ் கோட்டாவுல படிக்க வந்த டாக்டர்னா பிரச்சினையே இல்ல, நீங்க எழுதின அதே 17(பி), சார்ஜ் மெமோ, விசாரணை அதிகாரி, அறிக்கை, அதுக்கு மேல விளக்கம், எல்லாம் உண்டு. உங்க பிள்ளை நான்-சர்வீஸ், அதுவும் தனியார் காலேஜ். ஊழியர்னு சொல்லிக்கிட்டுப் போனா அவங்க வக்கீல் எந்திரிச்சு, "இது தனியார் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் உள்ள ஒப்பந்தத் தகராறு, ரிட்டே (ஹைகோர்ட்டுல நேரா போடற மனு) வராது"ன்னுவார். கையில 2022-ல செயின்ட் மேரீஸ் எஜுகேஷன் சொசைட்டி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இருக்கும். தனியார் கல்வி நிறுவனம் பொதுக்கடமை செஞ்சாலும், அதுக்குள்ள நடக்கற சாதாரண வேலைத் தகராறுக்கெல்லாம் அரசியல் சட்டம் 226-ல, அதாவது ரிட்ல, வர முடியாதுன்னு அதுல இருக்கு. நம்ம பக்கத்துக்கு 2015 ஜேனட் ஜெயபால் தீர்ப்பு இருக்கு. எஸ்.ஆர்.எம். யுனிவர்சிட்டி லெக்சரரை நீக்கின வழக்கு. இங்க சென்னையில டிவிஷன் பெஞ்ச் ரிட் வராதுன்னுச்சு, சுப்ரீம் கோர்ட் வரும்னுச்சு. ஆனா அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். உங்களுது ஒரு யுனிவர்சிட்டியோட இணைஞ்ச அஃபிலியேட்டட் காலேஜ்னு நினைக்கேன். அந்த வித்தியாசத்தைப் பிடிச்சுத் தொங்குவாங்க.

அதனால அஃபிடவிட்ல "மனுதாரர் ஒரு முதுநிலை மாணவி"ன்னுதான் எழுதணும். பி.ஜி. படிப்பே சட்டப்படி போட்ட ரெகுலேஷன்ல ஓடுது, அட்மிஷன் கவுன்சலிங்ல வந்தது, டிகிரி குடுக்கறது யுனிவர்சிட்டி. அப்ப வாசல் திறந்துரும். ஆனா அண்ணாச்சி, உள்ள போனதும் மாணவிக்கு ஊழியரை விட பலம் கம்மி. அதையும் இப்பவே சொல்லிருதேன். 1968-ல சுரேஷ் கோஷி ஜார்ஜ் வழக்குல, மாணவருக்கு விசாரணை அறிக்கை நகல் குடுத்தே ஆகணும்னு இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. அதை விடப் பக்கத்துல வர்றது 1973 ஹீராநாத் மிஸ்ரா. ராஞ்சி ராஜேந்திரா மெடிக்கல் காலேஜ். 1972 ஜூன்ல ஒரு ராத்திரி பையன்க பெண்கள் ஹாஸ்டலுக்குள்ள புகுந்துட்டாங்கன்னு 36 பெண்கள் எழுதிக் குடுத்தாங்க. கமிட்டி அந்தப் பெண்களைப் பையன்க இல்லாத நேரத்துல விசாரிச்சு, போட்டோவைக் காட்டி அடையாளம் கேட்டு, நாலு பேரை ரெண்டு வருஷம் வெளிய அனுப்புச்சு. "குறுக்கு விசாரணை பண்ண விடல"ன்னு பையன்க போனாங்க. அந்த வாதம் எடுபடல, காலேஜ் முடிவு செல்லும்னுட்டாங்க. எல்லா எடத்துலயும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது, சாட்சி சொன்ன பெண்களை இவங்க முன்னாடி நிறுத்தினா அவங்க நடமாட முடியுமான்னு கோர்ட் பாத்துச்சு. உங்க எதிர்க்கட்சி வக்கீல் முதல்ல எடுக்கப்போறது இதுதான்.

அதுக்கு நான் சொல்லற பதில், ராஞ்சியில சாட்சி பயந்த பெண்கள். இங்க சாட்சி ஒரு சார்ட், ஒரு ரிஜிஸ்டர். காயிதம் யாருக்குப் பயப்படும்? அதைக் காட்ட என்ன தடை?

யூனிட் சீஃப் கமிட்டியில உக்காந்தது உங்க கையில இருக்கற நல்ல சீட்டு. 1969 கிரைபாக் வழக்குல, தேர்வுப் பட்டியல்ல பேர் இருந்த அதிகாரியே தேர்வுக் குழுவுலயும் உக்காந்தார்னு மொத்தத் தேர்வையும் ரத்து பண்ணினாங்க. புகார் எழுதின கையே தீர்ப்பும் எழுதுனா அதே கதைதான்.

இனி அந்த லெட்டர். ராத்திரி முச்சூடும் உக்காந்து யோசிக்க வேண்டியது அதைத்தான். தெளிவா, நிபந்தனை இல்லாம ஒத்துக்கிட்டா தனியா விசாரணை தேவையில்லைன்னுதான் சட்டம். "சொல்லச் சொல்ல எழுதினா, மிரட்டினாங்க"ன்னு இப்ப கிளம்பாதீங்க. இத்தனை நாள் சொல்லாததை இன்னைக்குச் சொன்னா எந்த ஜட்ஜும் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் பாப்பார். அந்த லெட்டரை நிதானமாப் படிங்க. பாக்காம எழுதினேன்னு ஒத்துக்கிட்டா. அவ்வளவுதான். ஏன் பாக்கலை, அந்த நேரத்துல எங்க இருந்தா, ரத்தப்போக்குக்கு அதுதான் காரணமா, எதுவும் அதுல இல்ல. ஒத்துக்கிட்டது ஒரு உண்மையை மட்டும். தண்டனை அளவை முடிவு பண்ண மத்ததும் வேணும்.

அறிக்கை நகல் விஷயத்துல 1993 கருணாகர் தீர்ப்பு ஊழியருக்குச் சாதகம், நகல் குடுத்தே ஆகணும். ஆனா அதே தீர்ப்பு இன்னொண்ணும் சொல்லுது: குடுக்காததால என்ன பாதகம் வந்துச்சுன்னு காட்டணும். குடுத்திருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம நீங்க மதுரை ஹைகோர்ட்டுக்கு பஸ் ஏறுறதுல அர்த்தம் இல்ல. பிள்ளைகிட்டக் கேளுங்க. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் எங்க இருந்தா?

ஜெயிச்சா என்ன கிடைக்கும்னும் சொல்லிருதேன். "ஆர்டர் ரத்து, முறைப்படி புதுசா விசாரிக்கலாம்"னு வரும். பெரும்பாலும் அவ்வளவுதான். தண்டனையைக் குறைக்கச் சொல்ல 1995 சதுர்வேதி தீர்ப்பு இருக்கு, ஆனா மனசாட்சியை உலுக்கற அளவுக்கு இருந்தாத்தான் கோர்ட் கை வைக்கும். இதுக்கிடையில 80 சதவீத வருகை வேணும், அதனால மெயின் மனுவோட சேத்து, வகுப்புக்கும் டியூட்டிக்கும் விடச்சொல்லி இடைக்கால மனுவும் போடணும். ஒரு ஆறுதல்: எம்.பி.பி.எஸ். பதிவை காலேஜ் தொட முடியாது. அது மெடிக்கல் கவுன்சில் கையில. வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்காதீங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு.


ரிட்டையர்டு ஸ்டாஃப், மேலப்பாளையம்
சனி, காலை 6.15

வக்கீல் தம்பி எழுதினதெல்லாம் சரிதான். 33 வருஷம் வார்டுல நின்னவ நான், அதனால கொஞ்சம் கசப்பாத்தான் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி.

ஒரே நம்பரை மூணு வரி எழுதறது உங்க பிள்ளை கண்டுபிடிச்சது இல்ல. பல எடத்துல பாத்திருக்கேன். விடியக்காலம் ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னால சார்ட்டை நிரப்பணும். 110/70, 84. எப்பவும் அந்த நம்பர்தான்! யாரும் கேக்காத நம்பர். நாங்களும் எழுதியிருக்கோம், பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா பெத்தவ வயித்துல ரத்தம் போகுதுன்னா பிரஷர் கடைசியாத்தான் விழும். முதல்ல ஓடுறது நாடி. மிஷின் வேண்டாம், லைட் வேண்டாம், ரெண்டு விரலை மணிக்கட்டுல வச்சா தெரிஞ்சுரும். நாலரைக்கு 136 ஓடுச்சுன்னா, மூணரைக்கே நூறைத் தாண்டியிருக்கும்னு என் அனுபவம் சொல்லுது. விரிப்பைத் தூக்கிப் பாத்திருந்தா அதுக்கும் முன்னால.

பாக்க முடியலைன்னா கட்டத்தை வெறுமனே விட்டுரணும். பொறவு வந்து, எப்ப எழுதுதோமோ அந்த நேரத்தைப் போட்டு, "லேபர் ரூமில் இருந்தேன், பார்க்கவில்லை"ன்னு எழுதணும். வெறும் கட்டம் யாரையாவது எழுப்பி விடும். நிரப்பின கட்டம் எல்லாரையும் தூங்க வச்சுரும். அடுத்து வர்ற டாக்டர் அந்த சார்ட்டைப் பாத்து "நல்லா இருக்கா"ன்னு அடுத்த கட்டிலுக்குப் போயிருவாரு.

இன்னொண்ணு கேக்கணும். அன்னைக்கு வார்டுல ஸ்டாஃப் எத்தனை பேர், கட்டில் எத்தனை? அவங்க டி.பி.ஆர். சார்ட் (காய்ச்சல், நாடி, மூச்சு எழுதறது) என்ன சொல்லுது? அந்த ஸ்டாஃப் மேல நடவடிக்கை உண்டா, இல்ல பிள்ளை தலையில மட்டும் கட்டியாச்சா? டாக்டர் ஒருத்தி பிரசவ ரூமுக்கும் போஸ்ட்-ஆப்புக்கும் ஓடிக்கிட்டு இருந்தான்னா, அந்த டூட்டி லிஸ்ட் போட்டது யாரு?

கடைசியா, அந்தத் தாய்கிட்ட யாராவது ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாவளா? உங்க பதிவு முழுக்கத் தேடிப் பாத்தேன், காணோம்.


அம்பைக்காரன்
சனி, பகல் 1.30

சிஸ்டர், நீங்க கேட்டது சரிதான். கேக்கலை. எங்களுக்குத் தோணவே இல்ல.

காலையில பிள்ளையைத் திண்ணையில உக்கார வச்சுக் கேட்டேன். முதல்ல அழுகை. பொறவு சொன்னா. 2.40-ல இருந்து 4.10 வரைக்கும் லேபர் ரூம். வாக்குவம் போட்ட பிரசவம், கிழிஞ்சதைத் தைக்க நேரமாயிட்டு. அந்த ரிஜிஸ்டர்ல நேரமும் இவ இனிஷியலும் இருக்கு. கூட இருந்த முதல் வருஷப் பொண்ணு அந்த வாரம் லீவு, பதிலுக்கு ஆள் போடல. போஸ்ட்-ஆப்ல 24 கட்டிலுக்கு ஒரே ஸ்டாஃப். கமிட்டியில இதைச் சொன்னியான்னேன். "கேக்கல மாமா"ங்கா.

அப்ப 2 மணிக்கு எங்க இருந்தேன்னு கேட்டேன். ரூம்ல சேர்ல உக்காந்தபடியே அசந்துட்டேன்ங்கா. 4.10-க்கு வெளிய வந்து? கொஞ்ச நேரம் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தா. 4.15-க்கு நர்ஸிங் டெஸ்க்ல நின்னுக்கிட்டு மூணு வரியையும் எழுதியிருக்கா. அந்தக் கட்டில் டெஸ்க்குல இருந்து ஆறாவது. பத்துப் பதினஞ்சு எட்டு வரும். "போயிருக்கலாம் மாமா. போகல. கால் வலிச்சுது"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. எங்க அம்மா, அவளுக்கு ஆச்சி, காப்பி கொண்டு போய்க் குடுத்தாவ. குடிக்கல.

வக்கீல் சார், மூணு மணி வரிக்குக் காரணம் இருக்கு. நாலு மணி வரிக்கு இல்ல. அதை என்ன செய்ய? பழைய ஆபீஸ் புத்தி, 4.15 கதையை எழுதாம விட்டா என்னன்னு தோணுது.

பிள்ளையோட லாக் புக் (பயிற்சியில செஞ்சதை எழுதிக் கையெழுத்து வாங்கற நோட்டு) பாத்தேன். முதல் வருஷம் முழுக்க அதே யூனிட் சீஃப் "நன்று" போட்டுக் கையெழுத்து வச்சிருக்கார்.


கல்லிடை டூ மிச்சிகன்
சனி, இரவு 9.05

ஐயா, நான் கல்லிடைக்குறிச்சி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரெசிடென்ட்களுக்கு, அதாவது மேற்பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு, பாடம் எடுக்கிறேன். நம்ம ஊர் சட்டம் வக்கீல் சார் சொன்னதுதான். அமெரிக்கத் தீர்ப்பு மதுரையில் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் ஆர்டரில் இருக்கும் ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் ஆரம்பிப்பது 1978-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன ஹோரோவிட்ஸ் வழக்கில். மிசோரி பல்கலைக்கழக மருத்துவ மாணவி. எழுத்துத் தேர்வில் கெட்டிக்காரி. வார்டு வேலை, நோயாளியிடம் நடந்துகொள்வது, தன் சுத்தம், இதில் எல்லாம் குறை சொல்லிக் கடைசி வருஷத்தில் வெளியே அனுப்பினார்கள். அதற்கு முன்னால் ஏழு டாக்டர்களிடம் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். ரெண்டு பேர் பட்டம் கொடுக்கலாம் என்றார்கள், ரெண்டு பேர் உடனே நீக்குங்கள் என்றார்கள், மூணு பேர் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்கள். நீக்கினது செல்லும் என்றது கோர்ட். இது படிப்பைப் பற்றிய முடிவு, ஒழுங்கு நடவடிக்கை இல்லை, அதனால் முறையான விசாரணை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு மூணு வருஷம் முன்னால், 1975-ல், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பத்து நாள் சஸ்பெண்ட் செய்யவே முன்னறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் வேண்டும் என்று அதே கோர்ட் சொல்லியிருந்தது. அது ஒழுங்கு நடவடிக்கை.

இதைக் கண்டுகொண்ட ஆஸ்பத்திரி வக்கீல்கள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரெசிடென்ட் சார்ட்டில் பொய் எழுதினால் அதை ஒழுங்கீனம் என்று எழுதுவதில்லை. ரெசிடென்ட் கற்றுத் தேற வேண்டிய ஆறு திறன்களில் ஒன்று தொழில்முறைப் பண்பு. அதில் தேறவில்லை என்று எழுதுவார்கள். உடனே அது படிப்புக் குறையாகிவிடும், கோர்ட் தள்ளி நின்றுகொள்ளும். ஒரு மாலை நேர மீட்டிங்கில் ஒரு வரியை இப்படித் திருத்தி எழுதினதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை.

உங்கள் காலேஜ் "ஒழுங்கீனம்" என்றே எழுதிவிட்டது. நாளைக்குக் கோர்ட்டில் "படிப்பிலேயே மோசம்" என்று கதையை மாற்றினால் அந்த லாக் புக்கை நீட்டுங்கள்.

சிஸ்டர் சொன்னது பற்றி ஒரு வார்த்தை. நான் ரெசிடென்டாக இருந்தபோது எழுதாமல் விட்ட ஒரு வெறும் கட்டத்துக்காக அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியிருக்கிறேன். அதற்கு அடுத்த வாரம் நானும் நிரப்ப ஆரம்பித்துவிட்டேன்.


பெஞ்ச் வக்கீல், பாளை
ஞாயிறு, காலை 7.40

அண்ணாச்சி, 4.15 கதையை மறைச்சா நான் இந்தக் கேஸைத் தொட மாட்டேன். வேற வக்கீல் தொடலாம், அவர் இஷ்டம். சிசிடிவி இருக்கற வார்டு அது. பதில் மனுவுல அவங்க அந்த வீடியோவை வச்சா, மூணு மணிக்கு லேபர் ரூம்ல இருந்தது உண்மைன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. நல்ல சாட்சியையும் சேத்துக் கெடுத்துக்கிடாதீங்க.

மூணு வரிக்கும் தனித்தனியா எழுதுங்க. 2 மணிக்கு அசந்துட்டேன், 18 மணி நேரமா டியூட்டி. 3 மணிக்கு லேபர் ரூம், ரிஜிஸ்டரைப் பாருங்க. 4.15-க்குப் பாத்திருக்க முடியும், பாக்கலை. அப்படியே. தொடர்ச்சியா 12 மணி நேரத்துக்கு மேல, வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு 1992-லயே மத்திய அரசு ரெசிடென்சி கடிதம் போட்டிருக்கு. எந்தக் காலேஜ் மதிக்குது? 2023 பி.ஜி. ரெகுலேஷன்ல நியாயமான வேலை நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு இருக்கு. இதெல்லாம் பொய்ப்பதிவை நியாயப்படுத்தாது. மூணு வருஷப் படிப்பையே பறிக்கணுமா, ஆறு மாசம் நீட்டிச்சு விட்டா போதாதாங்கிற கேள்விக்கு மட்டும் உதவும்.

டூட்டி லிஸ்ட், லேபர் ரூம் ரிஜிஸ்டர், டி.பி.ஆர். சார்ட், கமிட்டி அறிக்கை, நாலுக்கும் நகல் கேட்டு நாளைக்கே எழுதிக் குடுங்க. குடுக்கலைன்னா கோர்ட் வரவழைக்கும். தனியார் காலேஜ்ல ஆர்.டி.ஐ. போட்டு நேரத்தை வீணாக்காதீங்க. ஆனா யுனிவர்சிட்டிக்குப் போடலாம், இந்த நீக்கம் பத்தி அவங்களுக்குத் தகவல் வந்துச்சான்னு. 10 ரூபாதான்.

அந்த அம்மா வீட்டுக்கு இப்ப நேர்ல போகாதீங்க. நல்ல மனசோடதான் போவீங்க, சாட்சியைக் கலைக்க வந்தாங்கன்னு எழுதிருவாங்க. சொல்ல வேண்டியதை விளக்கத்துலயே சொல்லுங்க.


அம்பைக்காரன்
திங்கள், இரவு 8.50

கையெழுத்துப் போடல. நாலு மணிக்கு ஏ.ஓ. போன் பண்ணினார். "மெயில்ல அனுப்புங்க சார்"னேன். வச்சுட்டார்.

விளக்கத்தைப் பிள்ளையே எழுதினா. நான் டிராஃப்ட் போட்டுக் குடுத்தேன், "மேற்படி நிகழ்வானது அடியேனின் கவனக்குறைவால்"னு நம்ம ஆபீஸ் நடையில. படிச்சுட்டு, "மாமா, இதுல யாரு என்ன செஞ்சான்னே தெரியல"ன்னு மடக்கி வச்சுட்டா. நாலு தடவை கிழிச்சு எழுதினா. முதல் வரியே "2, 3, 4 மணிப் பதிவுகளை நான் நோயாளியைப் பார்க்காமல் 4.15-க்கு எழுதினேன்"னு ஆரம்பிக்கி. அடுத்த வரியில அந்த அம்மா எந்தக் கட்டில்ல இருந்தாவ, எத்தனை பாட்டில் ரத்தம் ஏத்தினாவ, "அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க அனுமதிக்க வேண்டும்"னு கேட்டிருக்கா. அதுக்குப் பொறவுதான் லேபர் ரூம், டூட்டி லிஸ்ட், நகல் எல்லாம். நான் சேத்தது ஒண்ணே ஒண்ணு. தலைப்புக்குக் கீழ "பார்வை"ன்னு போட்டு, அவங்க ஆர்டர் தேதியையும், முதல் லெட்டர் தேதியையும், கமிட்டி உக்காந்த தேதியையும் வரிசையா எழுதினேன். அவங்க விட்டதை நாமளாவது போடுவோம்னு.

அம்பை போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீட் போஸ்ட், அக்னாலட்ஜ்மென்ட்டோட. தங்கச்சி இன்னும் என்கிட்டப் பேசல. மச்சினர் மட்டும் சாயந்திரம் வந்து, "புதன்கிழமை மதுரைக்கு நானும் வாரேன்"ன்னார்.

வக்கீல் சார், புது பஸ் ஸ்டாண்டுல இருந்து காலையில எத்தனை மணிக்கு ஏறினா சரியா இருக்கும்? மாட்டுத்தாவணியில இறங்கி உங்க கோர்ட்டுக்கு எந்த பஸ்?


பெஞ்ச் வக்கீல், பாளை
திங்கள், இரவு 9.10

அஞ்சு மணி பஸ் பிடிங்க. கயத்தாறு, கோவில்பட்டி எல்லாம் நிக்கற வண்டியில ஏறிராதீங்க, பைபாஸ் ரைடர் பாருங்க. மாட்டுத்தாவணியில மேலூர் போற எந்த பஸ்னாலும் சரி, ஹைகோர்ட் ஸ்டாப்னு கேளுங்க. கேட்ல அடையாள அட்டை பாப்பாங்க, மூணு பேரும் ஆதார் எடுத்துக்கிடுங்க. அந்த லாக் புக்கோட ஒரிஜினல் வேணும், ஜெராக்ஸ் போதாது.